கொக்கு மார்க் கம்பெனி சொன்னது

சவரியப்பன் தெருப்பாட்டுக்காரர். திண்டுக்கல் சந்தையில் கஞ்சிரா தட்டி, தானே கட்டிய பாட்டைப் பாடுவார். கடைசி அடியில் "சவரியப்பன் சொன்னது" என்று தன் பெயரை வைத்து முடிப்பார். கூட்டம் அந்த அடியைத் திருப்பிப் பாடும். அவருக்கு இருந்த ஒரே சொத்து அதுதான்.

1958-இல் கொக்கு மார்க் புகையிலைக் கம்பெனி அவரை விளம்பரம் பாடச் சம்பளத்துக்கு எடுத்தது. வேன் கொடுத்தது, மைக் கொடுத்தது, வாயை மட்டும் பூட்டியது. அரிசி விலையைப் பாடக்கூடாது. தோல் கிடங்கு நாற்றத்தைப் பாடக்கூடாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று மனிதர் பொறுத்துக்கொண்டார். பிறகு மானேஜர் கடைசி அடியில் வரும் அந்தப் பெயரிலேயே கை வைத்தான்.

"சவரியப்பன் என்ன பெரிய இவனா? சம்பளம் குடுக்கிறது கம்பெனி. இனிமே எந்தப் பாட்டா இருந்தாலும் 'கொக்கு மார்க் கம்பெனி சொன்னது'ன்னுதான் முடிக்கணும்!"

என்ன திமிர்! பொட்டலத்தில் லேபிள் ஒட்டுகிறவன் பாட்டிலும் ஒட்ட வந்துவிட்டான்.

"சரிங்க, அப்படியே முடிக்கிறேன்" என்றார் சவரியப்பன்.

மறுவாரம் ஒட்டன்சத்திரம் சந்தையில் வேன் நின்றது. அவர் மைக்கைப் பிடித்து, கம்பெனிக் கிடங்கில் புகையிலைத் தூசியைத் தின்று இருமி இருமி ரத்தம் துப்பும் பெண்களைப் பாடினார். அவர் மனைவி அன்னாளும் அவர்களில் ஒருத்தி. காய்கறி மூட்டையைப் போட்டுவிட்டுச் சந்தையே கூடியது.

மானேஜர் வேனிலிருந்து குதித்து ஓடிவந்தான். "ஏலே, நிறுத்துடா! எவன்டா சொன்னான் இதையெல்லாம்?"

சவரியப்பன் கடைசி அடியை எடுத்தார்.

"கொக்கு மார்க் கம்பெனி சொன்னது!"

சந்தை மொத்தமும் அதைத் திருப்பிப் பாடியது.