தைக்காமல் விட்ட உறை

கோணி ஊசியின் காதில் சணல் கோத்துக் கொடுப்பது என் வேலை. நெல் கொள்முதல் களத்தில் மூட்டை தைக்கிற மாமா, என் அக்காவின் கணவர், கண் மங்கிவிட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஊசியை மட்டும் என் பக்கம் நீட்டுவார். அந்த நீட்டலில் எத்தனை நம்பிக்கை இருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இதய வால்வு மாற்றினார்கள். அறுவைக்கு முன்பே மருத்துவர் எங்கள் இருவரிடமும் சொன்னார்: இதயத்தைச் சுற்றி ஓர் உறை உண்டு, வேலை முடிந்ததும் அதைத் தைத்து மூடினால், வீங்கிய இதயம் நெருக்குண்டு திணறலாம். மூடாமல் விட்டால் அது நெஞ்செலும்போடு ஒட்டிக்கொள்ளலாம். பிறகு எப்போதாவது மறுபடி திறக்க நேர்ந்தால் ஆபத்து. உள்ளே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உள்ளே வீக்கம். தைக்கவில்லை.

கண் விழித்ததும் மாமா கேட்டது ஒன்றே ஒன்று. "உள்ள கீற உறைய தெச்சாங்களா, மச்சான்?"

வாய் தைக்காத மூட்டையாகத் தன்னை நினைத்துப் பயந்துவிடுவார் என்று எனக்குப் பயம். "தெச்சிட்டாங்க மாமா" என்றேன்.

அன்றிலிருந்து களத்தில் அதுவே அவர் பெருமை. "எனுக்கு டபுள் தையல்டா!" மூட்டை தூக்குகிறவர்கள், "அப்ப லாரில ஏத்திடலாமா நைனா?" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வாரம், தேய்ந்த வால்வை மாற்ற மறுபடி திறக்க வேண்டும் என்றார்கள். ஸ்கேன் படத்தைப் பார்த்த புதிய மருத்துவர், அன்றைக்கு உறையை மூடவில்லை, இதயம் எலும்போடு ஒட்டியிருக்கிறது என்று மாமாவிடமே சொன்னார். மாமா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

ஊருக்குத் திரும்பும் பஸ் உத்திரமேரூரை நெருங்கும்போது சொன்னார்.

"நெல்லு பிதுங்கினு கீற மூட்டைய நானே இழுத்து தெக்கமாட்டன். வெடிச்சிடும். எனுக்குத் தெரியாதா அது? அன்னிக்கே சொல்லிருந்தா இன்னாடா?"

மருத்துவர் செய்ததில் தவறில்லை. பொய் மட்டும்தான் என்னுடையது.

"இந்தத் தபா டாக்டராண்ட நானே கேட்டுக்கறன்."

வரும் திங்கட்கிழமை அறுவை. நேற்றுக் களத்துக்குப் போனேன். அக்கா தடுத்தும் கேட்காமல், மூச்சு வாங்க, மாமா மூட்டையருகே உட்கார்ந்திருந்தார். சணல் நுனியை எச்சிலில் நனைத்தார். ஊசியை வெயிலுக்கு நேரே பிடித்தார். தவறியது. மறுபடி நனைத்தார். மறுபடி தவறியது.

நீட்டிய கையோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.