ரத்தினம் விட்டுக்கொடுத்த மறுப்புரை

வாசகர்களே, பினாங்கு வாலிபர் சங்க மேடையில் நான் பெற்ற வெற்றிக்கு நீங்களே சாட்சியாக இருந்து தீர்ப்புக் கூறுங்கள்.

'வாழ்வு சுகமா, சுமையா?' என்பது விவாதப் பொருள். சுகம் என்பது என் கட்சி. சுமை என்று வாதிட என் நண்பன் ரத்தினம் வலிய முன்வந்தான்.

"நான் இல்லாட்டி எங்க வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி" என்று அவன் முடித்தான்.

"பின் ஐயா இன்னும் ஏன் இங்கே நிற்கிறார்?" என்றேன். மண்டபம் சிரித்தது.

மறுப்புரைக்கு மணி அடித்தும் ரத்தினம் எழவில்லை. மறுப்புரையை ஒருநாளும் விட்டுக்கொடுக்காதவன் அவன். என் சொல்வன்மைக்கு அஞ்சிவிட்டான் என்று பூரித்தேன். முந்தைய வாரம், "இனிமே எனக்கு எதுக்குடா?" என்று தன் புல்லாங்குழலை அவன் எனக்குக் கொடுத்ததும் நினைவுக்கு வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் சங்கத் தலைவர் காதர் அண்ணன் அவனருகே அமர்ந்தார். "தம்பி, செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டார்.

"ஆமாண்ணே" என்று ரத்தினம் அழுதான். "யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு."

வெற்றி மாலையோடு நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

அண்ணனும் நானும் அவனைத் தனியே விடாமல் வீட்டாரிடம் சேர்த்தோம். மறுநாள் டாக்டரிடம் அழைத்துச் சென்றோம். அவன் தேறினான். புல்லாங்குழலைத் திருப்பிக் கொடுத்த அன்று, அலங்காரம் எதுவும் இல்லாமல் அவனிடம் சொன்னேன்:

"ரத்தினம், இனிமே நீ சொல்லுடா. நான் பதில் பேசமாட்டேன். முடிக்கிறவரைக்கும் உக்காந்து கேப்பேன்."