எங்கள் நாயின் இரத்தம்

எங்கள் நாய் முதன்முதலாக இரத்தம் கொடுத்தபோது எனக்கு அதில் பெருமைதான் இருந்தது. என்னோடு படிப்பிக்கும் நெல்லியடி ஆசிரியை ஒருத்தியின் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் முற்றி, பல்முரசு வெளிறி, தலை தூக்க முடியாமல் கிடந்தது. எடையும் உயரமும் உள்ள, தடுப்பூசி போட்ட நாய் ஒன்று கிடைத்தால் இரத்தம் ஏற்றிப் பார்க்கலாம் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். கனடாவுக்குப் போன தம்பி எங்களிடம் விட்டுச் சென்ற நாய் அப்படிப்பட்டது. அவள் கேட்டவுடனே நானும் கணவருமாகக் கொண்டு போனோம்.

மேசையில் பக்கவாட்டில் படுக்க வைத்து, கழுத்து மயிரை மழித்து, அங்கேதான் ஊசி ஏற்றினார்கள். நான் தலையைப் பிடித்திருந்தேன். "அசையாதை ராசா" என்றேன். அசையவில்லை. பை நிறையும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. வைத்தியர் இளம் பெண். "இனிச் சில மாசத்துக்கு எடுக்கக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

நெல்லியடி நாய் எழும்பிச் சோறு தின்றது. அவள் இரண்டு நாய்களின் படத்தையும் பேஸ்புக்கில் போட்டாள். என் கணவர் கோயிலில் ஆராதனை முடிந்ததும் எல்லோரிடமும் சொன்னார். அதற்குப் பிறகு போன் ஓயவில்லை.

இரண்டாம் தடவை நாங்கள் தவணை பார்த்தே கொடுத்தோம். மூன்றாவது தடவை, தவணை வருமுன்பே, கோயிலில் தெரிந்த ஒருவர் வந்து அழுதார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் கணவர் நாயை வேறொரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்விட்டார். கடைசியாக எப்போது கொடுத்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லையாம். இவரும் சொல்லவில்லை. நான் வீடு வந்தபோது நாய் விறாந்தைப் படியில் ஏறாமல் கீழே நின்றது. அன்றிலிருந்து சங்கிலியைக் கையில் எடுத்தால் கட்டிலுக்கடியில் புகுந்துவிடும்.

"இனி ஒருத்தருக்கும் ஓம் எண்டு சொல்லாதேங்கோ" என்றேன்.

"சாகக் கிடக்கிற சீவனுக்கு இல்லையெண்டு எப்பிடியப்பா சொல்லுறது? நீர் சொல்லுவீரோ?"

"சொல்லுவன்."

என்னாலும் சொல்ல முடியவில்லை. எதிர்முனையில் ஒருவர் விம்மத் தொடங்கினால் எனக்கு வாய் கட்டிவிடும். அதனால் போனை நிறுத்தி வைத்தேன். சிலர் விலாசம் விசாரித்து நேரே வந்தார்கள். கேற்றுக்குப் பகலிலும் பூட்டுப் போட்டேன். முன்பக்க யன்னல்களைச் சாத்தினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் நாயும் பின்னறையில் இருப்போம்.

ஒரு சனிக்கிழமை கணவர் வவுனியாவில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். காலையில் ஓட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது.

"வீட்டுக்காரர்... அக்கா..."

நான் நாயின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நிலத்தில் இருந்தேன். வந்தவர் மறுபடி கூப்பிட்டார். பிறகு சத்தமில்லை. ஓட்டோ போன சத்தமும் இல்லை. நாயை அணைத்தபடி முன்னறைக்கு நகர்ந்து யன்னல் இடுக்கால் பார்த்தேன். சாரம் கட்டிய ஒரு மனிதர் மதிலோடு குந்தியிருந்தார். மடியில் சாக்கு, சாக்கில் ஒரு மண்ணிற நாய். என் வீட்டில் நான் தண்ணீர் குடிக்கக்கூடக் குசினிக்குப் போகப் பயந்தேன். பாத்திரம் சத்தம் போடுமே என்று. வெயில் அவர் பக்கம் ஏறியது. அவர் சாக்கின் விளிம்பை இழுத்து நாயின் முகத்தை மறைத்தார். தன் தலைக்கு ஒன்றும் போடவில்லை.

என் கை தளர்ந்திருக்க வேண்டும். நாய் குரைத்தது.

இனி ஒளிந்திருக்க முடியாது. வெளியே போனேன். அவர் எழுந்து நின்றார்.

"வல்வெட்டித்துறையிலயிருந்து வாறன் அக்கா. கடல் தொழிலுக்குப் போற ஆள். போன் எடுத்துப் பாத்தனான், வேலை செய்யேல்லை."

"எங்கடை நாய் களைச்சுப் போய் இருக்குது அண்ணை. குடுக்கேலாது."

"ஓம், விளங்குது" என்றார். ஆனால் போகவில்லை. போவதற்கு அவருக்கு வேறு இடம் இல்லை என்பது எனக்கும் விளங்கியது. சாக்கிலிருந்த நாய் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நான் உள்ளே போய்ச் சங்கிலியை எடுத்தேன். கட்டிலுக்கடியிலிருந்து எங்கள் நாயை இழுத்தெடுத்து அதே ஓட்டோவில் ஏறினேன். வழி முழுவதும் அது என் காலுக்குள் தலையைப் புதைத்திருந்தது. நான் யாருக்கு நல்லது செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த இளம் வைத்தியர் முதலில் எங்கள் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். துளி இரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு வந்தார்.

"உவனுக்கே இரத்தம் காணாது. நான் எடுக்கமாட்டன். ஆர் உவனிட்டை இடையிலை எடுத்தது?"

அவர் மறுத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. பக்கத்தில் நின்ற மனிதரைப் பார்க்க அந்த ஆறுதல் சுட்டது.

வைத்தியர் அவரிடம், "உங்கடை பக்கத்திலை பெரிய நாய் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்.

"கரையிலை ஒண்டு நிக்குது டொக்டர். எங்கடை ஆக்கள்தான் சோறு வைக்கிறவை, ஊசியும் போட்டது. வாகனத்திலை ஏறாது."

"ஏத்தச் சொல்லுங்கோ."

அவர் போன் எடுத்தார். மதியம் போல இரண்டு பேர் ஒரு கறுப்பு நாயை வலைத்துண்டில் சுற்றித் தூக்கி வந்தார்கள். இரண்டின் இரத்தத்தையும் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்துப் பார்த்ததில் பொருந்தியது. நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். போக மனம் வரவில்லை. மண்ணிற நாயின் காலில் குழாய் வழியே துளித்துளியாக ஏறிக்கொண்டிருந்தது. அது ஒருதரம் வாலை அசைத்ததாக அவர் சொன்னார். நான் காணவில்லை.

மறுநாள் போனை இயக்கி வைத்தேன். அந்த மனிதர்தான் முதலில் அழைத்தார்.

"அக்கா, அவன் விடியச் செத்துப்போனான். உங்களுக்கும் சொல்லவேணும் போல கிடந்தது."

"நான் உடனை கதவைத் திறந்திருக்கலாம்" என்றேன்.

"அப்பிடி இல்லை அக்கா. ஈரலும் பழுதெண்டு டொக்டர் சொன்னவ. நீங்கள் வந்ததே பெரிய காரியம்."

அந்த நன்றியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வைத்தியர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். அவர் நெடுநேரம் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அதன் பிறகு தானாக ஒருவருக்கும் ஓம் சொன்னதில்லை.

நாய் மெல்லத் தேறிவிட்டது. இரத்தம் கொடுக்கிற வயதையும் தாண்டிவிட்டது என்று போன தடவை வைத்தியர் சொன்னார். ஆனாலும் பழைய படம் இன்னும் எங்கேயோ சுற்றுகிறது, ஆட்கள் போன் எடுக்கிறார்கள். வயது போய்விட்டது என்று சொல்கிறேன். அது உண்மை. அவர்கள் ஒன்றும் பேசாமல் அப்படியே லைனில் நிற்பார்கள். போனை முதலில் வைக்க எனக்கு இன்னும் வரவில்லை.