டீச்சரின் அளவு ஜாக்கெட்

என் வீட்டுக்காரர் மைன்ஸில் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அவருக்கு வருத்தமே இல்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பின்பக்கம் ஷீட் இறக்கி, மூன்று மெஷின் போட்டு, இருபது வருஷமாக அந்த பிளாக் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தவள் நான். சொந்த ஊரான மேல்பட்டாம்பாக்கத்தில், பூர்வீக வீட்டில் எங்கள் பங்குக்கு இருந்ததோ ஒன்றரை அறை.

"ஒரு மிஷினோட நிறுத்திக்கினா இன்னா? அங்க யாருக்குத் தைக்கப் போற?" என்றார்.

கேட்டாரே ஒரு கேள்வி! ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் டேப்பை எடுத்துப்போய் அந்த அறையை அளந்து பார்த்தால், கட்டில் போட்ட பிறகு பழைய கால்மெஷின் ஒன்றுக்குத்தான் இடமிருந்தது. ஓவர்லாக்கையும் பவர் மெஷினையும் விட்டுவிடுவதென்று முடிவு செய்தேன்.

கேட்டு வந்தவள் யார் தெரியுமா? அடுத்த தெருவில் புதிதாகத் தையல் ஆரம்பித்திருந்த பெண். அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. போனில் டிசைன் காட்டியே ஆளைப் பிடிப்பாள். முதுகில் கயிறு, கயிற்றில் குஞ்சலம். சொன்னால் என்ன, வேலையும் சுத்தமாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"ரெண்டையும் நானே எடுத்துக்கிறேங்க்கா. உங்க கஸ்டமரையும் நானே பாத்துக்கிறேன், கவலைப்படாதீங்க."

பார்த்துக்கொள்கிறாளாம்! நான் என்ன செத்தா போய்விட்டேன்? சிரித்துக்கொண்டே மெஷின்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

அதன் பிறகு ஒவ்வொருத்தராக வந்து அளவு ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கிப் போனார்கள். எல்லாம் அவளிடம்தான் போகும் என்று தெரியும். பொறுத்துக்கொண்டேன். ஆனால் டீச்சரும் போன் செய்தார். என் முதல் கஸ்டமர், வேறு கையில் துணி கொடுக்காதவர். "மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பட்டு ஜாக்கெட் தைக்கணும். நீ ஊர் மாறுற அவசரத்துல இருக்கே. அந்தப் பொண்ணுகிட்டயே கொடுத்திடட்டுமா?"

"கொடுங்க டீச்சர்" என்றேன். போனை வைத்ததும் அவருடைய அளவு ஜாக்கெட்டை எடுத்து, பக்கத் தையல் இரண்டையும் பிரித்து, அரை இஞ்சு உள்ளே தள்ளிப் புதுத் தையல் போட்டேன். இஸ்திரி போட்டு மடித்து, டீச்சர் வந்ததும் கொடுத்து அனுப்பினேன். அவள் தைத்தது உடம்பை இறுக்கிப் பிடிக்கட்டும், அப்போதாவது என் அருமை தெரியட்டும் என்றிருந்தது.

கல்யாணம் முடிந்து இரண்டாம் வாரம், டீச்சர் பஸ் பிடித்து மேல்பட்டாம்பாக்கத்துக்கே வந்துவிட்டார்.

"கொக்கி மாட்டவே இல்லம்மா. வேற ஒரு பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுத்தான் மேடையில நின்னேன்."

"ஐயையோ" என்றேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன்?

"போய்க் கேட்டா, அளவு ஜாக்கெட்டை விரிச்சுக் காட்டுறா. இந்த நூல் புதுசா இருக்கு, அக்காதான் பிடிச்சுத் தைச்சிருக்காங்கங்கிறா. எனக்கு வந்துச்சே கோபம்! உன் தப்பை அந்தம்மா தலையில கட்டாதேன்னு தெருவே கேக்குற மாதிரி கத்திட்டேன். வாசல்லயே நின்னு அழுதா."

டீச்சர் பையிலிருந்து அந்த அளவு ஜாக்கெட்டை எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, என் மெஷின்மேல் வைத்தார்.

"நீயே பாரும்மா. உன் தையல் உனக்குத் தெரியாதா?"