தானாக முளைத்த சாமி

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரயில் நிலையம் இருக்கிறது. இருக்கிறது என்றால், கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது. உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நடைமேடையில் இப்போது புளி காய்கிறது. இனி எங்கே ரயில் வரப்போகிறது என்று ஊரே இருந்தது. மாதப்பனும் அப்படித்தான் இருந்தார்.

மாம்பழக்கூழ் ஆலையில் சுமை தூக்கிய கூலியில் நிலையத்துக்கு எதிரே மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தார். காவலுக்கு ஒரு சாமி வேண்டுமே என்று நினைத்தார். நிலையத்தை ஒட்டி ரயில்வே எல்லைக்கல் ஒன்று கேட்பாரற்று நின்றது. ஊர் சந்தைக்குப் போயிருந்த ஒரு மதியம், அவரும் மனைவி நஞ்சம்மாவும் அதைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டு மஞ்சள் பூசினார்கள். கடைக்கால் தோண்டும்போது தானாக முளைத்த முனியப்பன் என்று தெருவுக்கு அளந்துவிட்டார் மாதப்பன். பத்து வருஷம் பிள்ளையில்லாதவர்களுக்கு அடுத்த ஆண்டே ரூபா பிறந்தாள். அப்புறம் கேட்கவா வேண்டும்? ஆடி வந்தால் சேவலோடு தெருவே திரண்டது.

இந்த மாசியில் புது ரயில் பாதைக்கு அளக்க வந்தார்கள். பழைய வரைபடம் பாதி செல்லரித்துக் கிடந்ததால், கல் நிற்கிற இடமே எல்லை என்றார்கள். நிலையத்துக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் இடிபடும். நடுவில் மாதப்பன் வீடு இருந்தது.

மூன்றாம் நாள் சர்வேயர் ராஜேஷ்குமார் கொல்லைக்கே வந்து, கல்லின் மஞ்சளைக் கட்டைவிரலால் தேய்த்தார். ரயில்வேயின் வெட்டெழுத்து தெரிந்தது. இது எப்போதிருந்து இங்கே இருக்கிறது என்று கேட்டதும், கூடியிருந்தவர்கள் முந்திக்கொண்டு சாமி முளைத்த கதையைச் சொன்னார்கள்.

மாதப்பன் கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "அது பொய்யிங்க சார். நான்தான் ஸ்டேஷன்ல இருந்து எடுத்தாந்து நட்டேன்."

வீடு போகிறது என்றால் யாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று ராஜேஷ்குமார் சலித்துக்கொண்டார். வேறு சாட்சி உண்டா என்றார்.

உண்டு, ஒரே ஒருத்தி. வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியவள். மாதப்பன் அவளைப் பார்த்தார். நஞ்சம்மா கல்லைப் பார்த்தாள். ரூபாவுக்கு இது நிறைமாசம். அவளைக் கொடுத்த சாமியை வெறும் கல் என்று எந்த வாயால் சொல்வது?

"தானா முளைச்சதுதாங்க சார்," என்றாள் நஞ்சம்மா.

சர்வேயர் தலையசைத்ததும், பெயிண்ட் டப்பாவோடு நின்ற ஆள் வீட்டுச் சுவரில் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டான்.