நிறுத்தியவள்

நான் கார் ஓட்டப் பழகியது சுவிட்சர்லாந்தில். எனக்குப் பழக்கிய மனுஷிக்குச் சிரிக்கவே தெரியாது. பாதசாரிகளின் மஞ்சள் கோட்டுக் கடவையில் ஒருவர் கால் வைத்தால் நிறுத்து என்று அவள் சொல்லித் தரவில்லை. கால் வைக்க நினைத்தாலே நிறுத்து என்பாள். "ஒருத்தர் நினைக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் கடுப்பில் கேட்டுவிட்டேன். "முகத்தைப் பார்" என்றாள். அன்றிலிருந்து ரோட்டோரத்தில் நிற்கிற முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன். அந்தப் பழக்கத்தையும் தூக்கிக்கொண்டுதான் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தேன்.

பிறந்தது யாழ்ப்பாணம். பதினான்கு வயதில் அப்பா அம்மாவோடு போனவள், நாற்பது தாண்டித் திரும்பி வந்தேன். திரும்பி வந்தேன் என்று சொல்வதும் பிழைதான். என் கணவருக்குக் கற்பிட்டிக் கரையில் நிற்கும் காற்றாலைகளைப் பராமரிக்கிற வேலை கிடைத்தது, நானும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் விசா குத்திக்கொண்டு அவர் பின்னால் வந்தேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கே கற்பிட்டி இருக்கிற புத்தளம் வேற்றூர். சுவிஸ்காரிக்குக் கேட்கவா வேண்டும்? கற்பிட்டிக்குப் பக்கத்தில் கண்டக்குழியில் வீடு எடுத்தோம். ஊர் என்னைச் 'சுவிஸ் தங்கச்சி' என்று கூப்பிட்டது.

வெயில் பழகிவிட்டது. இரவு பகலாக அடிக்கிற காற்றும், அது கொண்டுவந்து கட்டிலில் கொட்டுகிற மணலும் பழகிவிட்டன. ரோடு மட்டும் பழகவில்லை. பாலாவிச் சந்தியில் கற்பிட்டி ரோட்டுக்குத் திரும்பியதுமே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பேன். தனியார் பஸ்ஸும் அரசாங்க பஸ்ஸும் ஒரே ஆளை ஏற்றுவதற்காக ஒன்றையொன்று துரத்தும். துரத்துகிற பஸ் என் பாதையில், என் மூக்குக்கு நேரே வரும். ஒதுங்க வேண்டியது நான்தான். சில்லுகள் மணலில் இறங்கிக் கார் ஒரு பக்கம் சாய, பஸ் போய்விடும், அதன் காற்று மட்டும் என் கண்ணாடியில் அறையும். முதல் மாதங்களில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜெர்மன் மொழியில் வாய் நிறையத் திட்டினேன். அந்த ரோட்டில் என்னைப் போல நடுவில் நின்று யோசித்தவை கழுதைகள் மட்டும்தான்.

"ஊரோடு ஒக்க ஓடு பிள்ளை" என்று அம்மா தொலைபேசியில் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. மணலில் இறங்கச் சொன்னால் இறங்குகிறேன், ஹோர்ன் அடிக்கச் சொன்னால் அடிக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் ரோட்டைக் கடக்க நின்றால் நான் நிறுத்துவேன். அதை மட்டும் யாருக்காகவும் விடமாட்டேன் என்று வீம்பாக இருந்தேன்.

எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ராத்தாவின் வீடு. ரோட்டுக்கு ஒரு பக்கம் வீடு, மறுபக்கம், கடலைப் பார்த்த மணல் வெளியில், அவள் நெத்தலி காயவைக்கிற இடம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது அவள் தாயின் இடுப்பில் இருந்த குழந்தை. புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்து, கண்டக்குழிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணக்குப் பார்த்தால் என்னைவிட இளையவள்தான், நாங்கள் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. முதல் நாளே அவள் என்னைத் தங்கச்சி என்றாள், நானும் அவர்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி ராத்தா என்றேன். ஒரு நாளைக்கு அவள் எத்தனை தரம் அந்த ரோட்டைக் கடப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் கடக்கிறதை எங்கள் வாசலில் நின்று பார்ப்பேன். ரோட்டில் இறங்குவாள், கையை நீட்டுவாள், நடப்பாள். அவ்வளவுதான். வருகிற வாகனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். பஸ் வந்த வேகத்திலேயே வந்து அவள் முதுகுக்குப் பின்னால் வளைந்து போகும்.

"கையை நீட்டணும் தங்கச்சி. நீட்டிட்டு ஒரே நடை" என்று எனக்குச் சொல்லித் தந்தாள். "ஓடவும் கூடா, நிக்கவும் கூடா. பின்னுக்கு மட்டும் போயிடவே கூடா. அவன் நம்மட நடையைப் பார்த்துத்தான் வளைச்சு எடுப்பான்."

"அவன் பார்க்காட்டி?"

"பார்ப்பான். அவனுக்கும் புள்ளகுட்டி இரிக்கிதானே."

இப்படியும் ஒரு நம்பிக்கையா என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம் என்றுதான் பட்டது. ஆனால் அவளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

முதல் தரம் நான் அவளுக்காக நிறுத்தியபோது அவள் ரோட்டில் இறங்கவே இல்லை. "என்ன தங்கச்சி, கார் பழுதா?" என்று கத்தினாள். நான் கையைக் காட்டிப் போகச் சொன்னேன். சந்தேகத்தோடு காரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே கடந்தாள். இரண்டாம் தரம் சிரித்தாள். பிறகு அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. என் காரைத் தூரத்தில் கண்டால் காத்து நிற்பாள். நான் நிறுத்தியதும் கையையும் நீட்டாமல், ரோட்டையும் பார்க்காமல், என்னையே பார்த்துக்கொண்டு கதைத்தபடி கடப்பாள். "மந்திரிக்கு நிக்கிற மாதிரி எனக்குக் கார் நிக்கிது" என்று மற்றப் பெண்களிடம் பெருமையடித்தாள். "இந்த ரோட்டுல எனக்குப் பயமில்லாத வாகனம் எண்டா தங்கச்சிட கார்தான்" என்றும் சொல்லியிருக்கிறாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு ஊரையே திருத்த வந்தவள் போல நடந்துகொண்டேன்.

என் கணவர் மட்டும் ஒருநாள் கேட்டார். "நீ நிப்பாட்டுறாய், சரி. பின்னால வாறவன் நிப்பானோ?"

"முன்னால ஒரு கார் நிக்கிறது தெரியாமல் போகுமோ? கண் இல்லையோ அவனுக்கு?" என்றேன்.

கண் இருந்தது. அதுதான் வினை.

அன்று காலை நுரைச்சோலைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தேன். ராத்தா இடது பக்கத்தில், கடற்பக்கத்து ஓரத்தில் நின்றாள். தலையில் நெத்தலி நிரம்பிய பிளாஸ்டிக் பேசின், இரண்டு கையும் பேசினைப் பிடித்திருந்தன. முகத்தைப் பார்த்தேன். நிறுத்தினேன். அவள் சிரித்துக்கொண்டு இறங்கினாள். காரின் மூக்குக்கு நேரே வந்ததும் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டபோது அவளுக்கும் நினைவில்லை.

பக்கக் கண்ணாடியில் லொறியைக் கண்டேன். மீன் ஏற்றப் போகிற வெறும் லொறி. முதலில் போகிறவனுக்குத்தான் நல்ல மீன் என்பதால் அவை வெறுமையாகப் போகும்போதுதான் பறக்கும். என் காருக்குப் பின்னால் வந்தது வேகம் குறையாமல் வலது பக்கம் எடுத்தது. நான் ஹோர்னை அழுத்தினேன். நான் பகிடிக்கு அடிக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், ராத்தா மறுபடியும் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே அடுத்த அடியை வைத்தாள். என் காரின் மறைவிலிருந்து வெளியே வந்த அடி அது.

பிறகு ரோடு முழுக்க நெத்தலி. லொறி தூரத்தில் மணலில் இறங்கி நின்றது. அதிலிருந்து தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்த டிரைவர் ராத்தாவின் தங்கையின் கணவன். அவனும் நானுமாக அவளைத் தூக்கி என் பின் ஆசனத்தில் கிடத்தினோம். கற்பிட்டி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அங்கிருந்து அம்புலன்ஸில் புத்தளத்துக்கு ஏற்றினார்கள். கற்பிட்டி வரைக்கும் நானும் லைட்டைப் போட்டு, ஹோர்னில் கையை வைத்து, எதிரே வந்தவர்களின் பாதையில்தான் ஓட்டினேன். எல்லோரும் மணலில் இறங்கி எனக்கு வழி விட்டார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

காலைக் காப்பாற்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பொலிஸில் எழுதிக்கொண்டிருந்தவர் சிங்களவர், எனக்காகத் தமிழில் கேட்டார். "நோனா, அதில மஞ்சள் கோடு இல்லைதானே. ஏன் நிப்பாட்டினது?"

"ஆள் கடக்க நின்றா."

"ஆக்கள் எந்த நேரமும் கடக்கிறதுதானே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

லொறிக்காரன் அழுதுகொண்டே சொன்னான். "கார் பழுதாகி நிக்கிது எண்டுதான் நினைச்சேன். இந்த ரோட்டுல வேற என்னத்துக்கு ஒருத்தர் சும்மா நிப்பாட்டப் போறாங்க?" அவனைச் சுற்றி நின்ற ராத்தாவின் சொந்தக்காரர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். சொந்த மச்சானை மறியலில் கம்பி எண்ண அனுப்ப யாருக்கும் மனமில்லை, அது எனக்கும் விளங்கியது. ஆனால் அதற்காக மட்டும் அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அவன் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். நிறுத்தாமல் வந்தவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னார்கள். நிறுத்தியவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார் ஒரு பெரியவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் தலைப்பாகையா? கழற்றி வைத்துவிட்டு நாளைக்கு வேறொன்று கட்டிக்கொள்ளலாமா? திரும்பி நடந்து காரில் போய் இருந்து அழுதேன்.

"நீ செய்தது சரிதானே" என்று என் கணவர் இரவில் சொன்னார். அன்று அவர் முன்பு கேட்ட கேள்வியை எடுத்துக் குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராத்தா போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் படுத்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் முழங்காலோடு தட்டையாகிக் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவள் முகத்தையே பார்த்தேன்.

"நசீபு தங்கச்சி, எழுதினதுதான்" என்றாள். "மவுத்தாகல்லயே, உசிரு இரிக்கே, அல்ஹம்துலில்லாஹ்."

"பிழை லொறிக்காரன்ல ராத்தா. அவன் நிப்பாட்டியிருக்கணும்."

ராத்தா தலையை ஆட்டினாள். "அவன் எப்பயும் வாற மாதிரித்தான் வந்தான். நான்தான் எப்பயும் போற மாதிரிப் போகல்ல" என்றாள். பிறகு, "நான் உங்களப் பார்த்துட்டுப் போனன்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். குற்றம் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், எனக்கு அது வரும். நான் எழும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு விஷயம். இனி ஆருக்கும் நிப்பாட்டாதீங்க" என்றாள்.

நான் பிழை செய்யவில்லை. இதை இன்றைக்கும் யார் முகத்துக்கும் நேரே சொல்வேன். ஆனால் சொல்லி முடித்ததும் அந்தத் தட்டையான போர்வை கண்ணுக்குள் வருகிறது.

சில வாரங்கள் காரைத் தொடவில்லை. ஆனால் கணவருடைய ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது, கடைக்கும் மருந்துக்கும் எத்தனை நாள் ஓட்டோக்காரரைக் கூப்பிடுவது? மறுபடியும் ஓட்டினேன். இந்தத் தரம் ஊர் ஓட்டுகிற மாதிரி ஓட்டினேன். ரோட்டோரத்தில் ஆள் நின்றால் ஹோர்ன் அடித்தேன். கையை நீட்டி இறங்கினால் நடையைக் கணக்குப் பார்த்துப் பின்னால் வளைத்து எடுத்தேன். முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முதல் நாள் நான் தாண்டிய ஒவ்வொருவரையும் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை, அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. "இப்பதான் தங்கச்சி நல்லா ஓட்டுறாங்க" என்று கடைக்காரர் சொன்னார்.

ராத்தா வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து தங்கை கொண்டுவருகிற மீனைப் பிரிப்பாள். நான் போனால் தேத்தண்ணி தருவாள், சிரிப்பாள், பழைய மாதிரியே கதைப்பாள். எங்களுக்குள் ஒன்றும் குறையவில்லை என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

அண்மையில் ஒரு காலை, அதே நுரைச்சோலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தேன். அதே கடற்பக்கத்து ஓரத்தில் ராத்தா நின்றாள். கக்கத்தில் ஊன்றுகட்டை, தோளில் ஒரு சின்னப் பை. கால் போன பிறகு அவளை ரோட்டோரத்தில் நான் காண்பது அதுதான் முதல் தடவை. என்னையறியாமல் என் கால் பிரேக்குக்குப் போனது. கார் மெதுவானது. விட்டுவிட்ட பழக்கம் திரும்பி வந்து, அவள் முகத்தைப் பார்த்தேன்.

பயம். பஸ்ஸுக்கும் லொறிக்கும் அந்த முகத்தில் நான் கண்டிராத பயம். பின்னுக்குப் போகவே கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவள் பின்னுக்குப் போனாள், கட்டை மணலில் புதைந்து தடுமாறினாள். தடுமாறிக்கொண்டே மற்றக் கையைப் படபடவென்று ஆட்டினாள். போங்க, போங்க, நிப்பாட்டாம போங்க.

நான் ஹோர்ன் அடித்தேன். காலை மாற்றி ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டு அவளைத் தாண்டிப் போனேன்.

கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பின்னால் கற்பிட்டி பஸ் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. ராத்தா கட்டையை மணலிலிருந்து பிடுங்கி ரோட்டில் ஊன்றினாள். மற்றக் கையை நீட்டினாள். நொண்டி நொண்டி, ஒரே நடையாக இறங்கினாள். பஸ் வேகம் குறைக்கவில்லை. அவளுடைய புது நடையைக் கணக்குப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் வளைந்து போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.