கதிரைக்காரன் வீட்டுக் கலியாணம்

திருகோணமலையில் என் கதிரையில் உட்காராத ஆள் யாராவது இருந்தால் முன்னால் வரட்டும், பார்ப்போம். கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு, கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் என் கதிரைதான் போயிருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முதலில் பிறத்தியாரின் கதிரையைத் தலையில் சுமந்தேன். பிறகு சொந்தமாகக் கொஞ்சக் கதிரையும் ஒரு தள்ளுவண்டியும். அதற்குப் பிறகு பாத்திரம், ஒலிபெருக்கி, லொறி. கடைசியில் ஓர்ஸ் ஹில் பக்கத்தில் ஒரு கலியாண மண்டபம். முழுக்க ஏசி. வாசலில் கண்ணாடிக் கதவு. அந்த மண்டபத்தின் படத்தை நானே மண்ணில் ஈர்க்கால் கீறித்தான் மேசனுக்குக் காட்டினேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அப்பேர்ப்பட்ட மண்டபத்தில் தன் கலியாணத்தை வைக்கமாட்டேன் என்று என் ஒரே மகள் சொல்லிவிட்டாள்.

"அப்பா, கோவிக்காதையுங்கோ. இறக்கக்கண்டியில அம்மான்ர காணி சும்மாதானே கிடக்கு. அதில கிடுகுப் பந்தல் போட்டுச் செய்வம்."

"கிடுகோ? பின்னின தென்னோலையோ? என்ன, ஆட்டுக்கோ கலியாணம்?"

"எனக்குத்தான்."

"மண்டபக்காரன்ர மகள் மணலுக்க இருந்து தாலி கட்டினா ஊர் என்ன சொல்லும்? அவன்ர மண்டபம் அவன்ர பிள்ளைக்கே பிடிக்கேல்லை எண்டு சொல்லும். பிறகு ஆர் என்னட்ட வருவினம்?"

குசினிக்குள், அடுப்படியில் இருந்து மனைவியின் குரல் வந்தது. என் மனைவி முன்னால் வந்து சண்டை பிடிக்கமாட்டாள். குசினிக்குள் நின்றபடி ஒரு வசனம் விடுவாள்; அது வந்து சரியான இடத்தில் படும்.

"ஊர்ப் பிள்ளையள் எல்லாருக்கும் ஒரே மேடை, ஒரே பிளாஸ்டிக் பூ. சின்னதில இருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பூவைத் தூசு தட்டினவள் இவள். அலுக்காதோ?"

சரி என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன்: பந்தலை நான்தான் போடுவேன், இந்தக் கரை முழுக்க அப்படி ஒரு பந்தல் இருந்திருக்கக் கூடாது.

இன்னொரு காரியமும் செய்தேன். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த நாளுக்கு மண்டபத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மேடை சோடித்து, கதிரை அடுக்கி, விடியவே பின்கதவால் போய் ஏசியைப் போட்டு வைக்கும்படி காவலாளியிடம் சொன்னேன். கலியாணத்தன்று காலை வாசல் சாவியை என் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். பந்தலில் ஏதாவது பிழைத்துக் குழம்பினால் என் மண்டபம் இருக்கிறது. பிழைக்க வேண்டும் என்று நினைத்தேனா? நினைக்கவில்லை. பிழைத்தால் கவலைப்பட்டிருப்பேனா? அதை நிச்சயமாகச் சொல்ல முடியாது.

மாப்பிள்ளை வீடு கட்டைபறிச்சான் கிராமத்தில். சம்மந்தி வயல்காரர், வெள்ளை மனம். மண்டபம் இல்லை, பந்தல்தான் என்று தொலைபேசியில் சொன்னபோது பதறிப்போனார்.

"என்ன சம்மந்தி இப்பிடிச் சொல்லுறியள்? ஏசி மண்டபம் எண்டு இஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். என்ர தங்கச்சிமார் குளிருக்குப் போர்க்கச் சால்வையும் வாங்கிப்போட்டாளவை."

"கொண்டரட்டும் சம்மந்தி. கடற்கரையிலயும் குளிரும்" என்றேன். ஆனி மாத வெயிலில்!

வேலை தொடங்கியது. கிண்ணியாவிலிருந்து என் கூட்டாளி லொறியில் கிடுகும் கம்பும் ஏற்றிக்கொண்டு வந்தார். நானும் அவரும் ஒன்றாகக் கதிரை சுமந்த காலத்திலிருந்தே மச்சான் முறை கொண்டாடுகிறவர்கள். நல்ல நாள் பார்த்துக் கன்னிக்கால் நட்டோம். முள்முருக்கங் கொம்புக்கு மஞ்சள் துணி கட்டிப் பால் வார்த்தோம். கலியாணம் இந்த இடத்தில்தான் என்று நிலத்துக்குச் சொல்லுகிற காரியம் அது.

எங்கள் கரையில் கிடுகுப் பந்தலைப் பதிவாகத்தான் போடுவார்கள். கையைத் தூக்கினால் கூரை தட்டும். எனக்கு அது கண்ணில் குத்தியது. என் மண்டபத்து வாசலை விட ஒரு சாண் கூட இறங்கக் கூடாது என்று கம்புகளை உயர்த்தி நட்டேன்.

கூட்டாளி அண்ணாந்து பார்த்தார். "மச்சான், கலியாணம் ஆருக்கு? ஒட்டகச்சிவிங்கிக்கா?"

"உனக்கு உயரத்தைக் கண்டா பயம்."

"எனக்கென்ன பயம்? கிடுகு காணாம வரப்போகுது, அதான் சொல்றன்."

அப்படியே வந்தது. உயர்த்தி அகட்டிப் போட்டதில் கொண்டுவந்த கிடுகு கூரையோடு சரியாகிவிட்டது. பக்கங்களை மறைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. "திறந்து கிடந்தால்தான் காற்று வரும், அதுதான் இயற்கை ஏசி" என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்தேன்.

மகளும் அவளுடைய சிநேகிதிகளும் செய்தவற்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிள்ளைகள் கரையில் சிப்பி பொறுக்கி, துளையிட்டு, தூண்டில் நூலில் கோத்து, கம்புக்குக் கம்பு தொங்கவிட்டார்கள். சிரட்டைகளைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி மினுக்கி விளக்காக்கினார்கள். வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கிற பைக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் பனையோலைப் பெட்டி. ஒவ்வொன்றுக்குள்ளும் அவர்கள் கையால் சுட்ட பயற்றம் பணியாரம். குருத்தோலையில் கிளி செய்தார்கள். சில கிளிகள் காகம் மாதிரித்தான் இருந்தன, பரவாயில்லை. மணவறைக்கு மேலே விதானமாக என் மனைவியின் கூறைச்சேலையைக் கட்டினார்கள். எங்கள் கலியாணம் யுத்தப் பிரச்சினைக் காலத்தில் ஒரு கோயில் வாசலில், அவசர அவசரமாக முடிந்தது. விரித்துப் பார்க்க ஆளில்லாமல் அலுமாரிக்குள் கிடந்த சேலை. அதை அண்ணாந்து பார்த்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசு" என்றாள்.

வந்தவர்கள் இருக்க மகள் பாய் விரிக்கச் சொன்னாள். நான் மறுத்தேன். "கதிரை மட்டும் என்ர கதிரை. அதில விட்டுக்குடுக்க ஏலாது."

கலியாண நாள் விடியும்போது கடல் அசையவில்லை. வாசலில் குலையோடு வாழை, நிறைகுடம், மணலில் பிள்ளைகள் போட்ட கோலம். மாப்பிள்ளை வீட்டார் வாகனங்களில் வந்து இறங்கினார்கள். சம்மந்தியின் தங்கைமார் நாலு பேரும் கையில் சால்வையோடுதான் வந்தார்கள். ஆராத்தி எடுத்து மாப்பிள்ளையை அழைத்து வந்தோம். பந்தலைப் பார்த்துச் சனம் வாயைப் பிளந்தது. "ஆர் போட்டது?" என்று கேட்டார்கள். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

வெயில் ஏறியது. கச்சான் காற்று எழும்பியது.

இந்தக் காற்றை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனி ஆடியில் மேற்கே காட்டுப் பக்கமிருந்து சூடாக, மணலையும் வாரிக்கொண்டு வரும். இதே கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து பழகியதில் அது நினைவில் இல்லாமல் போயிற்று. பதிந்த பந்தலுக்கு மேலால் போகிற காற்று, என் உயர்ந்த பந்தலுக்குள் நேராக நுழைந்தது. சிப்பிகள் கலகலவென்று அடித்துக்கொண்டன. குத்துவிளக்கு அணைந்தது. ஏற்றினோம். திரும்பவும் அணைந்தது. ஐயர் ஓமம் வளர்க்க நெருப்பை ஊதினார். பொறி பறந்து கூரைப் பக்கம் போனது. காய்ந்த கிடுகு! ஐயர் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து நெருப்பில் ஊற்றிவிட்டார்.

"ஐயா, இந்தக் காத்துக்க என்னால அக்கினி வளர்க்க ஏலாது. பந்தலே எரிஞ்சு போகும். அக்கினி இல்லாமத் தாலியும் கட்டுவிக்க மாட்டன்."

மாப்பிள்ளை பக்கத்துப் பெண்கள் குசுகுசுக்கத் தொடங்கினார்கள். விளக்கு அணைந்தது நல்ல சகுனமா என்று ஒரு குரல் கேட்டது. மணவறையில் இருந்த என் மகளின் முகம் குனிந்தது.

சம்மந்தி என் தோளைத் தொட்டார். "சம்மந்தி, முகூர்த்தம் முடிய இன்னும் நேரம் கிடக்கு. வாகனம் எல்லாம் நிக்குது. உங்கட மண்டபத்துக்குப் போவமே? இதில ஒரு வெக்கமும் இல்லை."

என் கை தானாக வேட்டி மடிப்புக்குப் போனது. சாவி சூடாக இருந்தது. உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, காற்றே என் மண்டபத்துக்கு வழி காட்டுகிறது. எல்லோரும் சில்லென்ற இடத்துக்குள் போய், "அப்பாடா" என்று என் கதிரையில் சாய்வார்கள். இனி ஒருவரும் என் மண்டபத்தைக் குறை சொல்லமுடியாது.

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, அழவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அவளுக்கு மேலே விதானத்துச் சேலை காற்றில் புடைத்துப் புடைத்து அடித்துக்கொண்டிருந்தது.

"கன்னிக்கால் நட்ட இடத்தை விட்டு எழும்பிறதை நீங்கள்தான் யோசிச்சுச் சொல்லோணும்" என்றார் ஐயர்.

அப்போது என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அன்றைக்கு அவளுக்கு ஒளிந்து நின்று பேச ஒரு குசினி இல்லை.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு சனத்தையும் கதிரையில இருத்தி வைச்சிருக்கிறியள். எழுப்பி நிக்க விட்டா மதில்தானே?"

நான் அவளைப் பார்த்தேன். மைக்கைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக அந்த மைக்கில் நான் சொன்ன வசனம் ஒன்றே ஒன்றுதான்: தயவுசெய்து எல்லோரும் அமர்ந்துகொள்ளுங்கள். சாவியை இன்னும் ஆழமாகச் செருகிவிட்டு மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் எழும்புங்கோ! கதிரையை விட்டு எழும்புங்கோ!"

யாரோ அமைச்சர் வருகிறார் என்று நினைத்துப் பாதிப் பேர் வாசலைப் பார்த்தார்கள்.

"ஒருத்தரும் வரேல்லை! மணவறையைச் சுத்தி நெருங்கி நில்லுங்கோ. காத்தை மறிக்கோணும். என்ர பிள்ளைக்கு மதிலா நில்லுங்கோ!"

கூட்டாளி தன் ஆட்களோடு முதலில் மேற்குப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். "வாங்க, வாங்க! சாப்பாடு நிண்டவங்களுக்குத்தான் முதல்ல!" சிரிப்பு எழும்பியது. சிரித்தபடி சனமும் எழும்பியது. ஊர் வலைகாரர்கள், நகரத்துக் கடைக்காரர்கள், மாப்பிள்ளையின் அலுவலகத்துக்காரர்கள் எல்லோரும் தோளோடு தோள் ஒட்டி, வரிசைக்குப் பின் வரிசையாக நின்றார்கள். சம்மந்தியின் தங்கைமார் சும்மா நிற்கவில்லை. ஏசிக்கென்று கொண்டுவந்த சால்வைகளை விரித்து, தலைக்கு மேலே திரை போலப் பிடித்தார்கள்.

"அக்கா, கையை உயர்த்திப் பிடி!"

"நீ உயரம், உனக்குக் கதை லேசு!"

ஐயர் திரும்பவும் நெருப்பை மூட்டினார். அது ஒருமுறை சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தது. குத்துவிளக்கின் சுடர் நேராக நின்றது.

நானும் மனைவியும் உள்ளே இருந்து தாரை வார்த்தோம். சுற்றிவர முகங்கள். என் மண்டபத்தில் எத்தனையோ கலியாணம் பார்த்தவன் நான். அங்கே தாலி கட்டும்போது பின் வரிசைக்காரருக்குப் படம்பிடிப்பவனின் முதுகுதான் தெரியும். பாதிச் சனம் சாப்பாட்டு மண்டபப் பக்கம் நழுவியிருக்கும். இங்கே ஒருவரும் நழுவவில்லை. நழுவினால் காற்று வந்துவிடும். மேளம் முழங்க மாப்பிள்ளை தாலியைக் கட்டியபோது அத்தனை கண்ணும் அதைக் கண்டது. அறுகரிசியை எட்டி நின்று எறியவில்லை. கைநீட்டித் தலையிலேயே போட்டார்கள். படம்பிடிப்பவன்தான் உள்ளே வர வழியில்லாமல் வெளியே நின்று கத்தினான். எங்கள் வீடியோவில் அந்த நேரம் முழுக்கச் சனத்தின் பிடரிதான் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஒவ்வொரு பிடரியும் யாருடையது என்று இப்போது எனக்குத் தெரியும்.

சடங்கு முடிந்து மதில் கலைந்தபோது சனத்தின் முதுகெல்லாம் மணல். சம்மந்தி காதுக்குள் விரலை விட்டு மணலைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"சம்மந்தி, உங்கட ஏசி கொஞ்சம் கூடிப்போச்சு."

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

பந்தி நடக்கும்போது காவலாளியின் அழைப்பு வந்தது. "ஐயா, உள்ளுக்கு ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கு. ஆக்கள் எப்ப வருகினம்?" "ஒருத்தரும் வராயினம். நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிட வா" என்றேன்.

பின்னேரம் மகள் புறப்படும்போது என் காலைத் தொட்டு எழுந்தாள். எழுந்தவள் காதருகே வந்தாள்.

"இனியாவது அந்தச் சாவியை எடுங்கோ அப்பா. வேட்டி அவிழப்போகுது."

"உனக்கு ஆர் சொன்னது?"

"அம்மா விடியவே கண்டிட்டா. 'கொப்பர் மண்டபத்துச் சாவியோட நிக்கிறார்' எண்டு சொன்னவ. அவர் அதை வெளியில எடுக்கமாட்டார் எண்டு நான் சொன்னனான்."

எனக்கே நிச்சயமில்லாத ஒன்று அவளுக்கு நிச்சயமாக இருந்திருக்கிறது. சாவியை மடிப்பிலிருந்து உருவி மனைவியிடம் கொடுத்தேன்.

அடுத்த நாள் கதிரைகளைக் கழுவ ஆட்கள் வந்தார்கள். அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு நானே கழுவினேன். ஒவ்வொன்றிலும் மணல் அப்பியிருந்தது. யார் யார் எழும்பி நின்றார்கள் என்று முகம் முகமாக நினைத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன். அவர்கள் எல்லோருக்கும் என் நன்றியை இதில் எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்து இதற்காவது உதவட்டும்.

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன். காற்று அடித்தது, விளக்கு அணைந்தது, எல்லாம் உண்மை. ஆனால் பந்தல் விழவில்லை. இறக்கக்கண்டியில் அவ்வளவு உயரமான கிடுகுப் பந்தலை இன்றுவரை வேறொருத்தரும் போட்டதில்லை.